உப்புக்கறைக்கு ஆசிட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பாதியைத் தாண்டினாலே நெல்லைச் சீமையில் பொங்கல் துப்புரவு ஆரம்பித்துவிடும். பரணில் கிடக்கும் பித்தளைச் சாமான்கள் கீழே இறங்கும், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், தார்சாவும் பட்டாசலும் கழுவப்படும், அங்கணமும் குளியலறையும் தேய்க்கப்படும். இந்த வேலைக்குக் கடைக்கு ஆள் அனுப்பினால் முதலில் வாங்கி வரச் சொல்வது ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலைத்தான். அதைத் தரைக்கும் டைல்ஸுக்கும் குழாய்க்கும் ஊற்றுகிறார்கள். சிலர் கெய்சருக்குள்ளேயும் ஊற்றுகிறார்கள். கறை போய்விடுகிறது, உண்மைதான். அதோடு சேர்ந்து வீட்டில் வேறு எதெல்லாம் போகிறது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் கறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தாமிரபரணித் தண்ணீர் மென்மையான தண்ணீர். அதில் சோப்பு நன்றாக நுரைக்கும், கழுவிய பாத்திரம் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்காது. ஆனால் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, குளிக்க, துவைக்க, தரை துடைக்க எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர் என்று ஆகிவிட்ட வீடுகள் இங்கே ஏராளம். போர்த் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்த கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி, இந்த இரண்டின் அளவைச் சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 உள்ள தண்ணீர் 15 லிட்டர் கெய்சரில் ஒரு தடவை நிரம்பினால் 9 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு உள்ளே போகிறது. அத்தனையும் படிந்துவிடாது. ஆனால் தினமும் இரண்டு மூன்று தடவை நிரம்புகிறதே!

தண்ணீர் சுடும்போதோ காயும்போதோ அதில் கரைந்திருந்த உப்பு, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. குழாய் மூக்கில் நிற்கும் வெள்ளைப் பொருக்கும், கெட்டிலின் அடியில் தட்டும் ஓடும், டைல்ஸ் மேல் புகை படிந்ததுபோல் தெரிவதும் ஒரே சாதிதான், சுண்ணாம்புக் கல். அதனால்தான் ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரைகிறது.

இனி உங்கள் வீட்டுத் தரையைப் பாருங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. மொசைக் என்பது சிமென்டில் பதித்த பளிங்குச் சில்லு, பளிங்கும் சுண்ணாம்புதான். பழைய வீடுகளின் சிவப்புக் காவித் தரை சிமென்டும் காவியும். டைல்ஸ் ஆசிட்டைத் தாங்கும், ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இழுத்த பூச்சு சிமென்ட். கறையும் சுண்ணாம்பு, தரையும் சுண்ணாம்பு. ஆசிட்டுக்கு இது கறை, இது தரை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொசைக்கில் ஊற்றினால் பாலிஷ் போய்ச் சொரசொரப்பாகும். சொரசொரப்பில் அழுக்கு இன்னும் சீக்கிரம் தங்கும். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் ஆசிட் தேவைப்படும். குளியலறையில் இடைப்பூச்சு அரித்துப்போனால் தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் இறங்கி, பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உப்பிக்கொண்டு நிற்கும். ஓதத்துக்கு மருந்து தேடுகிறவர்கள் பலர் ஆசிட் பாட்டிலைச் சந்தேகிப்பதே இல்லை.

உங்கள் கல் எந்த வகை என்று தெரியாவிட்டால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கினாலோ வெளுத்தாலோ அந்தத் தரைக்குப் புளிப்பான எதுவும் ஆகாது. ஆசிட் மட்டுமல்ல, வினிகரும் ஆகாது, கீழே வரும் எலுமிச்சை உப்பும் ஆகாது. அத்தகைய தரைக்குச் சோப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும்தான். காவித் தரையை வெறும் தண்ணீரில் துடைத்து, மாதம் ஒரு தடவை துணியில் மிகக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்து, மிச்ச எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். எண்ணெயை அப்படியே விட்டால் வழுக்கும். காவித் தரையில் வெள்ளை பூத்தால் அது மேலே சிந்திய கறையல்ல, அடியிலிருந்து ஈரம் இழுத்து வந்த உப்பு. உலர்ந்த தேங்காய் நாரால் தேய்த்து, வாரியலால் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து உள்ளே போய்த் திரும்பவும் பூக்கும்.

டைல்ஸுக்கும் குழாய்க்கும் ஆசிட்டின் இடத்தில் வைக்க ஏற்றது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். பாத்திரம் கழுவும் திரவம் பத்துச் சொட்டு அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். குளியலறை டைல்ஸில் இருப்பது வெறும் உப்பல்ல, போர்த் தண்ணீரோடு சோப்பு சேர்ந்து உண்டாகும் பிசுக்கும் கூட. முதலில் சுவரை வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். இடைப்பூச்சு அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டால் புளிப்பு உள்ளே அதிகம் இறங்காது. பிறகு கரைசலைத் துணியால் பூசி, பத்து நிமிடம் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். குழாய்க்குக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி அரை மணி நேரம் விட்டால் பொருக்கு இளகிவிடும். இரவு முழுக்க விடக் கூடாது, குரோம் பூச்சு மங்கும். தண்ணீர் சீறியடித்தால் குழாய் வாயிலுள்ள சல்லடையைத் திருகிக் கழற்றி அதே கரைசலில் ஊற வைத்து ஊசியால் குத்திவிடுங்கள்.

கறை பழுப்பாக இருந்தால் அது இரும்புச் சத்து. அதற்கும் எலுமிச்சை உப்பே. பிளீச்சிங் பவுடரைப் போட்டால் பழுப்பு இன்னும் அழுத்தமாகிவிடும், ஏனென்றால் அது இரும்பை மேலும் துருவாக்குகிறது. கறுப்புப் பூஞ்சைக்கும் அங்கணத்துப் பாசிக்கும் மட்டுமே பிளீச்சிங் பவுடர்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. தண்ணீர் காய்கிற இடத்தில்தான் உப்பு படியும். கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்து, குழாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வந்தால் கறைக்கு வழியே இல்லை. இரண்டு நிமிட வேலை.

சூடேற்றும் சாதனங்களில் உப்புப் படிவு அழகுக் குறை மட்டுமல்ல, ஆபத்தும் கூட. வாளியில் போடும் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது உலோகக் குழாய். அதற்குள்ளே சூடேறும் கம்பி, கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி. மேலே ஓடு கட்டிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாக நீர் உள்ளே புகுந்தால் வாளித் தண்ணீரில் மின்சாரம் பாயும். ஓட்டைக் கத்தியால் சுரண்டினாலும் சுத்தியலால் தட்டினாலும் அதே வெடிப்பைக் கையால் உண்டாக்குகிறோம் என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கி ராடை முழுக்க ஆறவிடுங்கள். ராடு மட்டும் இறங்குகிற ஒடுக்கமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் வெந்நீரும் 100 கிராம் எலுமிச்சை உப்பும் கலந்து, ராடில் குறித்திருக்கும் மேல் கோட்டுக்குக் கீழே வரை மூழ்க வையுங்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் கலந்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வெள்ளைப் பொடி உண்டாகி, கரைய வேண்டிய இடத்தில் புதிதாக ஒட்டிக்கொள்ளும். நுரை அடங்கியதும் பாருங்கள். 100 கிராம் எலுமிச்சை உப்பு ஏறக்குறைய 70 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். தடித்த ஓடு ஒரே ஊறலில் போகாவிட்டால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டுமே தவிர, கத்தியை எடுக்கக் கூடாது. கழுவி, துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே திரும்பச் செருகலாம்.

கெய்சர் என்றால் இந்த வேலையை எலக்ட்ரீசியனிடம் விடுவதே சரி. அரிசி கொதிப்பதுபோல் உள்ளே கடகட என்று சத்தம் கேட்டாலும், முன்பு பத்து நிமிடத்தில் சுட்ட தண்ணீருக்கு இப்போது இருபது நிமிடம் ஆனாலும், எலிமென்டில், அதாவது உள்ளே சூடேற்றும் குழாயில், ஓடு கட்டிவிட்டது. வருகிறவர் மெயினை நிறுத்தி, தொட்டியை வடித்து, எலிமென்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். தொட்டிக்குள் ஆசிட் ஊற்ற அனுமதிக்காதீர்கள், உள்பூச்சு போனால் தொட்டியே ஓட்டை. அதே நேரத்தில் மக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனோடு என்பார்கள், தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோவதே அதன் வேலை. அது விரலளவிலிருந்து வெறும் நரம்பாக இளைத்திருந்தால் மாற்றியாக வேண்டும். போர்த் தண்ணீர் வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. சூட்டை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருந்தால் படிவும் குறையும், கரன்டும் மிச்சம்.

வாஷிங் மிஷினில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பின்னால் தண்ணீர்க் குழாய் சேரும் வாய். அங்கே ஒரு சின்னச் சல்லடை இருக்கும். குழாயை அடைத்துவிட்டு அதை இடுக்கியால் இழுத்து எடுத்து, எலுமிச்சை உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். தண்ணீர் ஏறவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்தச் சல்லடை அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துணி போடாமல், டிரம்மில் 100 கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு வெந்நீரில் ஒரு சுற்று ஓட விடுங்கள். துணி சாம்பல் பூத்ததுபோல் வெளிறுகிறதே என்று சோப்புத்தூளைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் இல்லை. கடினத் தண்ணீரில் துவைக்கும்போது வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்துச் சில நிமிடம் விட்டுப் பிறகு சோப்பைப் போட்டால், கால்சியத்தைச் சோடா பிடித்துக்கொள்ளும், சோப்பு தன் வேலையைச் செய்யும். சோடாவையும் எலுமிச்சை உப்பையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும். பார்க்க ஆள் அசந்துபோவார்கள். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது உப்புக் கரைந்த தண்ணீர்தான்.

பித்தளைக்கு வருகிறேன், பொங்கல் நேரத்தில் அதிகம் பாழாவது அதுதான். குத்துவிளக்கை ஆசிட்டில் முக்கினால் ஒரு நொடியில் பொன்போல மின்னும். மறுநாளே மங்கும், ஒரு வாரத்தில் மூட்டுகளில் பச்சைக் களிம்பு பூக்கும், ஏனென்றால் ஆசிட்டின் குளோரைடு உலோகத்தின் நுண்துளைகளில் தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். நம் ஆச்சிமார் கைப்பழக்கத்தில் சரியான முறை இருக்கிறது. அதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். முகத்தையும் தட்டையும் தண்டையும் திருகிக் கழற்றுங்கள். முதலில் போக வேண்டியது எண்ணெய்ப் பிசுக்கு, கறுப்பு அல்ல. பழைய துணியால் துடைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்த சுடுதண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். பிசுக்கு இருக்கும்வரை புளி உலோகத்தைத் தொடவே தொடாது. புளி போட்டும் போகவில்லை என்று பலர் சலிப்பது இதனால்தான். பிறகு எலுமிச்சம்பழ அளவு பழம்புளியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து, தேங்காய் நாரால் தேயுங்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், உடனே கழுவிவிட வேண்டும். ஊறட்டும் என்று விட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரியும். விளக்கு ரோஜா நிறமாகிவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ எடுங்கள். துணியால் ஒற்றி, பத்து நிமிடம் வெயிலில் காய வைத்து, சலித்த சிரட்டைச் சாம்பலோ விபூதியோ தொட்டு உலர் துணியால் மெருகேற்றினால் தைப்பூசம் வரை நிறம் நிற்கும்.

வெள்ளீயம் பூசிய பித்தளைப் பானையின் உள்பக்கம் இந்தப் புளி வைத்தியம் கூடாது. செங்கல் பொடியும் இரும்பு நாரும் கூடாது. பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால் அதில் புளிக்குழம்போ மோரோ வைக்காதீர்கள், களிம்பு இறங்கி வாந்தி வரும். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டு, நவச்சாரம் போட்டுக் கண்ணெதிரே பூசச் சொல்லுங்கள். காரீயம் கலந்தால் அது நஞ்சு. ரசத்துக்கு வைக்கும் ஈயச் செம்பும் வெள்ளீயம்தான், 232 டிகிரியில் உருகிவிடும், ஆகவே காலியாக அடுப்பில் ஏற்றவே கூடாது; கழுவ மெல்லிய துணியும் சோப்பும் போதும்.

அலுமினியச் சட்டிக்குச் சலவை சோடா ஆகாது, கறுத்துவிடும். தோசைக்கல்லைக் கழுவினால் உடனே அடுப்பில் காட்டி ஈரம் போக்கி நல்லெண்ணெய் தடவ வேண்டும், போர்த் தண்ணீர் பட்ட இரும்பு அரை மணியில் துருவேறும். கிரைண்டர் கல்லைக் கொத்தினால் முதல் இரண்டு ஈடு தவிட்டை அரைத்துக் கொட்டிவிடுங்கள், கல் துகள் மாவில் வராது. மிக்ஸி பிளேடைக் கல்லுப்பு தீட்டும் என்பதில் உண்மையில்லை. அது பிசுக்கை எடுக்கும், அவ்வளவுதான், உடனே கழுவாவிட்டால் பிளேடு சுழலும் புஷ்ஷை அரிக்கும். பத்தமடைப் பாயை நனைக்காமல் பிழிந்த துணியால் கோரையின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

இனி இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி. கழிவறைக்கு ஆசிட்டை ஊற்றிவிட்டு, நாற்றம் போகட்டும் என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் முதல் உலகப் போரில் படைவீரர்கள்மேல் ஏவப்பட்டது அதுதான். ஜன்னல் சாத்திய சின்னக் கழிவறைக்குள் அது சில மூச்சிலேயே நெஞ்சை அடைக்கும். கடையில் நீல நிறத்தில் வரும் கழிவறைத் திரவங்களிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, ஆகவே அவற்றோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது. இரண்டும் வேண்டுமானால் வேறு வேறு நாளில் செய்யுங்கள், இடையில் நன்றாகக் கழுவிவிடுங்கள். தெரியாமல் கலந்து கண் எரிந்தால், வாளியை எடுக்கக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். இருமல் நின்றுவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் கூடலாம், அதனால் டாக்டரிடம் காட்டுவது அவசியம். ஆசிட் கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும். 108ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

குழந்தை குடிக்க வழி செய்வது பெரும்பாலும் பாட்டில்தான். தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றி, பெயரோ எச்சரிக்கையோ ஒட்டாமல் ஆசிட்டை விற்கிறார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதித்தான் ஆசிட் விற்க வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. பண்டிகை நேரத்திலாவது மாவட்ட நிர்வாகம் கடைகளில் இதைச் சோதிக்க வேண்டும். கடைக்காரர்களும் எலுமிச்சை உப்பையும் சலவை சோடாவையும் கால் கிலோ பொட்டலமாக ஆசிட் இருந்த இடத்தில் முன்னால் அடுக்கி வைத்தால், கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அதையே வாங்கிப் போவார்கள் என்பது என் நம்பிக்கை. தங்கள் நாளிதழ் பொங்கலுக்கு முன் இதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிட வேண்டுகிறேன்.

ஏற்கெனவே வீட்டில் பாதி பாட்டில் ஆசிட் வைத்திருப்பவர்கள் அதன்மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அரிவாள்மனை, அரிவாள், மண்வெட்டி இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மூடிய பாட்டிலிலிருந்தும் கசியும் ஆவி இரும்பை எல்லாம் துருவாக்கும். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அலமாரியிலும் வேண்டாம். மிச்ச ஆசிட்டைத் தீர்க்க வேண்டுமானால் பீங்கான் கழிவறைக் கோப்பைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பத்துப் பங்கு தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் முதலில் எடுத்து, அதில் ஒரு பங்கு ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பத்து நிமிடத்தில் மூன்று வாளித் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் பாட்டிலை ஒரே நாளில் காலி செய்ய வேண்டாம், டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்பு வேலையில் உள்ள வாசகர்,
பாளையங்கோட்டை.